192-ல் வைத்தால் பாட்டு இனிக்குமா? ஆடியோ இன்டர்ஃபேஸில் மாற்ற வேண்டியது வேறு!

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுபவர், பாட்காஸ்ட் நடத்துபவர், ஆன்லைனில் வீணை வகுப்பு எடுப்பவர் எனப் பலரின் மேசையில் இப்போது ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் மைக்கும் ஹெட்போனும், பின்பக்கம் லேப்டாப்புக்குப் போகும் யூஎஸ்பி வயரும். இதுதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். இதன் அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ‘24 பிட் / 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று அச்சாகியிருக்கும். வாங்கி வந்தவர் செய்யும் முதல் வேலை, செட்டிங்கைத் திறந்து அந்த 192-ஐத் தேர்ந்தெடுப்பதுதான். காசு கொடுத்தது அதுக்குத்தானே?

அதுக்கு இல்லை. அட்டையில் இருக்கும் இரண்டு எண்களில் 24 உண்மையிலேயே உதவுகிறது. 192 பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கை நிரப்புகிறது. பதிவு கெட்டுப்போவது வேறு இடங்களில்: தப்பான அளவில் நிற்கும் கெயின் குமிழ், நடுவில் புகுந்து ஒலியை மாற்றும் விண்டோஸ், தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன். இவற்றைப் பற்றி அட்டைப்பெட்டி பேசுவதே இல்லை.

இரண்டு எண்கள், இரண்டு வேலைகள்

சாம்பிள் ரேட் என்பது ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000 முறை. மனிதக் காது அதிகபட்சம் சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஓர் அலையைச் சரியாகப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும் என்பது டிஜிட்டல் ஒலியின் அடிப்படைக் கணக்கு. 1982-ல் கடைகளுக்கு வந்த சிடி, 44.1 கிலோஹெர்ட்ஸில் நின்றதற்கு இதுதான் காரணம்.

விளம்பரங்களில் ஒரு படம் போடுவார்கள். 44.1 படிக்கட்டு மாதிரி கரடுமுரடாக இருக்கும். 192 வழவழவென்று வளைந்திருக்கும். பார்க்க நம்பத் தோன்றும், ஆனால் தப்பான படம். புள்ளிகளிலிருந்து அலையைத் திரும்ப உருவாக்கும்போது வெளியே வருவது படிக்கட்டு இல்லை, முழுமையான வளைவுதான். புள்ளிகளை நான்கு மடங்காக்கினால், கேட்கும் எல்லைக்குள் இருக்கும் அலை இன்னும் வழவழப்பாகிவிடாது. காதுக்கு எட்டாத உயரத்தில் உள்ள ஒலிகள் கூடுதலாகப் பதிவாகும், அவ்வளவுதான். பல மைக்குகளின் அளவுக்குறிப்பே 20 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது என்பது தனிக்கதை.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஹை ரெசொல்யூஷன் டிஸ்க்குகளை அப்படியே ஒருமுறையும், நடுவில் சிடி தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் ஒலிக்கவிட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்ட மேயர், மோரன் ஆய்வு 2007-ல் வெளியானது. 554 முயற்சிகளில் சரியான பதில் 276. நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அதுதான் வரும். இதற்கு மாற்றாக 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், 18 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரி 52.3 சதவீதம் வந்தது. சிறிய வித்தியாசம்தான் என்றாலும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாதது என்றார். பயிற்சி பெற்ற காதுகளிடம் அது கொஞ்சம் கூடியது. ஆக, வித்தியாசம் ‘இல்லவே இல்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஃபேன் ஓடும் அறையில் பாடுபவருக்கு அது கவலைப்பட வேண்டிய விஷயமும் இல்லை.

பிட் கணக்கு அப்படியில்லை. ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபல் இடம் தரும். 16 பிட்டில் 96 டெசிபல், 24 பிட்டில் ஏட்டளவில் 144. நிஜ சர்க்யூட் எதுவும் 144-ஐத் தொடாது. நல்ல இன்டர்ஃபேஸ்கள் 110 முதல் 120 வரை தரும். அதுவே தாராளம். இந்தக் கூடுதல் இடத்தால் என்ன லாபம்? பயமில்லாமல் ஒலியளவைக் குறைத்து வைத்துப் பதிவு செய்யலாம். பாடகர் திடீரென மேல் ஸ்தாயிக்குப் போய் நின்றாலும் ஒலி உடையாது. 24 பிட்டின் முழுப் பலனும் இந்தப் பாதுகாப்புதான். பாட்டை முடித்து வெளியிடும்போது 16 பிட் போதும்.

192-ல் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 1 ஜிபி. அதையே 192-ல் எடுத்தால் 4 ஜிபியைத் தாண்டும். சாதாரண வேவ் ஃபைலின் உச்ச வரம்பும் 4 ஜிபிதான். 62 நிமிடத்தில் அது நிரம்பிவிடும். சில சாஃப்ட்வேர்கள் அடுத்த ஃபைலுக்குத் தானாக மாறிக்கொள்ளும், சில அங்கேயே நின்றுவிடும். இரண்டு மணி நேரக் கச்சேரியை 192-ல் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் தனி ஆவர்த்தனம் மொத்தமும் காணோம் என்றால் யாரை நோவது?

அப்படியானால் எந்த எண்ணில் வைப்பது? 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோ உலகமே 48-ல்தான் ஓடுகிறது, யூடியூபுக்கும் ரீல்ஸுக்கும் அது ஒத்துப்போகும். சிடி மட்டும்தான் போடப்போகிறோம் என்பவர்கள் 44.1-ல் வைக்கலாம்.

குமிழைத் திருகும் முன்...

பதிவின் தலையெழுத்தை எழுதுவது கெயின் குமிழ்தான். டிஜிட்டலில் உச்சவரம்பு பூஜ்ஜியம் டெசிபல். அதைத் தாண்டினால் அலையின் தலை சீவப்பட்டுவிடும். எந்த சாஃப்ட்வேராலும் அதை முழுதாக மீட்க முடியாது. பழைய டேப் ரெக்கார்டர் காலத்தில் ‘முள் சிவப்பைத் தொடணும்’ என்று சொல்வார்கள். டேப்பின் இரைச்சலை மறைக்க அப்போது அது தேவைப்பட்டது. இப்போது தேவையில்லை, ஆனால் பழக்கம் போகவில்லை.

பாட்டின் மிகச் சத்தமான இடத்தை முழு பலத்தோடு பாடிப் பார்த்து, அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி குமிழை நிறுத்தினால் சரி. சும்மா ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லி வைத்த அளவு பாட்டின் பாதியிலேயே உடையும். மிருதங்கம், தவில் போன்ற வாத்தியங்களுக்கு இன்னும் இறக்கி வைக்க வேண்டும். அடி விழும் அந்தக் கணத்தின் உச்சத்தை மீட்டரில் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

இன்டர்ஃபேஸின் முகப்பில் இருக்கும் மற்ற பட்டன்களில் ‘48வி’ என்பது கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தருவது. அது இல்லாமல் கண்டென்சர் மைக் பேசாது. ஷூர் எஸ்எம்58 மாதிரியான டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம். ‘இன்ஸ்ட்’ என்ற பட்டன் கிதாருக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை நேரடியாகச் செருகும்போதும் அதை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மந்தர ஸ்தாயி காணாமல் போய், தகரத்தைத் தட்டுவது போலக் கேட்கும். வாத்தியத்தின் மேல் பழி விழும், பாவம்.

அப்புறம் அறை. நன்றாக அமைதியான அறையிலேயே சுமார் 30 டெசிபல் சத்தம் இருக்கும். ஃபேன், ஏசி, ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ என்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இன்டர்ஃபேஸ் 115 டெசிபல் தரும். அறை அதில் பாதியைத் தின்றுவிடும். ஃபேனை நிறுத்துவது, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறைக்கு மாறுவது, மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவருவது ஆகிய மூன்றும் செலவில்லாத வேலைகள். 48-லிருந்து 192-க்கு மாறுவதால் கிடைப்பதைவிட இவற்றால் கிடைப்பது பல மடங்கு. ‘உம்ம்ம்’ என்று அடியில் ஒரு ரீங்காரம் கேட்டால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் பிரச்சினை இன்டர்ஃபேஸில் இல்லை, எர்த்தில்.

தம்புரா செயலியை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுப் பாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மைக்குக்குள்ளும் போகும். பிறகு குரலை மட்டும் தனியே சரிசெய்ய வழியே இருக்காது. காதை மூடும் ஹெட்போனில் சுருதியைக் கேட்டுப் பாடிவிட்டு, தம்புராவைத் தனி டிராக்கில் சேர்ப்பது உத்தமம்.

நடுவில் புகும் விண்டோஸ்

மேக் கணினியில் பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது. யுடிலிட்டீஸ் ஃபோல்டரில் உள்ள ‘ஆடியோ மிடி செட்டப்’பைத் திறந்து, இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 48,000 என வைத்தால் முடிந்தது.

விண்டோஸ் கதை நீளமானது. வேகமான யூஎஸ்பி ஆடியோ கருவிகளுக்கான பொதுவான டிரைவரையே 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. அதனால் இப்போது வயரைச் செருகியதும் சத்தம் வந்துவிடும். வந்துவிடுவதுதான் வம்பு! எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் டிரைவரைப் பலர் நிறுவுவதே இல்லை. ஏஸியோ என்ற வழி அந்த டிரைவரோடுதான் வருகிறது. ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஏஸியோ, விண்டோஸின் கலவை இயந்திரத்தைத் தொடாமல் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரையும் இன்டர்ஃபேஸையும் நேராக இணைக்கும் பைபாஸ் ரோடு.

அந்தக் கலவை இயந்திரம் என்ன செய்கிறது? பிரவுசர், வாட்ஸ்அப், சினிமா பிளேயர் என எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றி ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது. அந்த ரேட்டை எங்கே தீர்மானிப்பது? பழைய கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குள், கருவியின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் ‘டிஃபால்ட் ஃபார்மட்’ என்று இருக்கும். இது பிளேபேக்குக்குத் தனி, ரெக்கார்டிங்குக்குத் தனி. ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறப்பதுதான் பரவலாக நடக்கிறது. இரண்டிலும் 24 பிட், 48,000 என வைத்து, சாஃப்ட்வேரின் புராஜெக்ட் செட்டிங்கிலும் அதே 48,000-ஐ வைக்க வேண்டும். அங்கேயே ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்று ஏதாவது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுவது நல்லது. பேச்சுக்காக வடிவமைத்த இரைச்சல் நீக்கி, நீண்ட கார்வையை இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும்.

ரேட் பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான நேரம் சாஃப்ட்வேர் தானே மாற்றிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. மாற்றாமல் விட்டால் வினை. 44.1-ல் எடுத்த பதிவு 48-ல் ஓடினால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். 5 நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறும்: 1 கட்டையில் பாடியவரின் குரல், ஒன்றரைக்கும் 2 கட்டைக்கும் நடுவே, எந்த தம்புராவோடும் சேராத இடத்தில் போய் நிற்கும். சினிமாப் பாட்டு கவரில் இதை ‘கொஞ்சம் ஸ்பீடா இருக்கே’ என்று கடந்துவிடலாம். போட்டிக்கு அனுப்பிய கீர்த்தனையில் நடுவர் அப்படிக் கடக்க மாட்டார்.

வேறொரு ரகசியத் திருட்டும் உண்டு. ஃபைல் 96 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டும். உள்ளே வந்து சேர்ந்தது 48 ஆக இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். சாவிக்கொத்தை மைக் முன் குலுக்கிப் பதிவு செய்து, ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினால் போதும். 24 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல ஒலி நின்றுவிட்டால், வழியில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாடும்போது குரல் தாமதமா?

ஹெட்போனில் தன் குரலே ஒரு நொடிப்பிளவு பின்னால் வந்தால் தாளம் தடுமாறும். காரணம் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி நொடி. 512 என்றால் 10.7. குரல் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் மொத்தத் தாமதம் இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பதிவின்போது 128, மிக்ஸிங்கின்போது 512 அல்லது 1,024 வைப்பது வழக்கம். பஃபரைக் கூட்டினால் தரம் கூடும் என்பது கட்டுக்கதை. குறைவாக வைத்து கம்ப்யூட்டர் திணறினால் ‘டிக் டிக்’ என்று வெடிப்பு விழும், அது ஒன்றுதான் விளைவு. பல இன்டர்ஃபேஸ்களில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குப் போகாமலே குரல் காதுக்கு வந்துவிடும். பஃபர் பற்றிய பஞ்சாயத்தே வேண்டாம்.

கேட்பதற்கு மட்டும் வாங்கியவர்கள்

பாடாமல், நல்ல தரத்தில் பாட்டுக் கேட்க மட்டும் இன்டர்ஃபேஸ் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணமின்றி லாஸ்லெஸ் தரத்தைத் தந்த பிறகு இந்த ஆர்வம் கூடியது. 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பாட்டுக்கு வெளிக் கருவி வேண்டும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. விண்டோஸில், வசாபி எக்ஸ்க்ளூசிவ் வசதி உள்ள பிளேயரைப் பயன்படுத்தினால் கலவை இயந்திரத்தைத் தாண்டி, பாட்டு அதன் சொந்த ரேட்டிலேயே இன்டர்ஃபேஸுக்குப் போகும். அந்த நேரம் மற்ற செயலிகளின் சத்தம் நின்றுவிடும்; பழுது என்று பதற வேண்டாம்.

ஆனால் எம்பி3 ஃபைலை 192-ல் ஓட்டுவதால் எதுவும் திரும்பி வராது. தண்ணி கலந்த பாலைப் பெரிய அண்டாவில் ஊற்றினால் கெட்டியாகிவிடுமா என்ன? அதேபோல எல்லா செட்டிங்கும் சரிசெய்துவிட்டு, கடைசியில் புளூடூத் ஹெட்போனை மாட்டுவதும் நடக்கிறது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 4,608 கிலோபிட் தேவை. சோனியின் எல்டாக் கூட அதிகபட்சம் 990 கிலோபிட்தான் தரும். ஹை ரெசொல்யூஷன் என்று கேட்க ஆசைப்பட்டால் வயர் வைத்த ஹெட்போன் கட்டாயம்.

96-க்கு ஒரு நல்ல வேலை

அப்போ பெரிய எண்களுக்கு வேலையே இல்லையா என்றால், ஓர் இடத்தில் இருக்கிறது: பீரோவில் கிடக்கும் பழைய கேசட்டுகள். தாத்தாவின் பேச்சு, கல்யாணத்து நாதஸ்வரம், கோயில் திருவிழாவில் யாரோ பதிவு செய்த கச்சேரி. டேப் நாளுக்கு நாள் கெடும் பொருள், அதை ஓட்டும் டெக்கும் அரிதாகிவருகிறது. இன்னொரு முறை எடுக்கலாம் என்று சொல்ல முடியாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசா, பாதுகாப்புப் பிரதிக்குக் குறைந்தபட்சம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றும், 96 இருந்தால் நல்லது என்றும் வழிகாட்டுகிறது. ஒருமுறைதான் எடுக்க முடியும் என்ற பொருளுக்கு 96 வைப்பது நியாயம். 90 நிமிடக் கேசட்டுக்கு 3 ஜிபி சொச்சம்தான் ஆகும்.

இங்கும் எண்ணைவிட வேலைதான் பெரியது. டெக்கின் ‘லைன் அவுட்’டிலிருந்து இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு வயர் போக வேண்டும், ஹெட்போன் துளையிலிருந்து எடுப்பது கடைசி வழி. ஓட்டும் முன் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். டால்பியில் பதிவானதா என்று தெரியாவிட்டால் அந்த பட்டனை அணைத்தே வைப்பது பாதுகாப்பு. கேசட் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால், டெக் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மயிரிழை அளவு திருப்பி, ‘ஸ’கரங்கள் தெளியும் இடத்தில் நிறுத்துவார்கள் அனுபவசாலிகள். இரைச்சல் நீக்குவதெல்லாம் பிரதியில் மட்டும்தான். முதலில் எடுத்த ஃபைலில் கை வைக்கக் கூடாது. அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வைத்துவிட்டால் நல்லது. கேசட்டையும் தூக்கி எறிய வேண்டாம்.